கீழூடு

கட்டிலுக்கு அடியில் தரை சூடாக இருந்தது.

ஈரத்துணியை இழுத்துக்கொண்டு முழங்காலில் நகர்ந்துபோன ஞானசுந்தரி அந்த இடத்தில் நின்றாள். மற்றப் பலகைகளெல்லாம் நவம்பர் மாதத்து ஏற்காட்டுப் பலகைகள். உள்ளங்கையை வைத்தால் எலும்புவரை குளிர் ஏறும், துடைத்த ஈரம் பொழுது சாயும்வரை காயாது. கட்டிலுக்கு நேர்கீழே இருந்த சில பலகைகள் மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன பெஞ்சைப்போல, ஓர் உடம்பின் சூட்டில் இருந்தன. துணி பட்ட ஈரம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து சுருங்கி மறைந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். சன்னலுக்கு வெளியே உச்சிப்பொழுதிலேயே மூடுபனி வந்து காப்பிச் செடிகளை விழுங்கியிருந்தது. இந்த வாரம் முழுக்க அந்தச் சன்னல் வழியாக வெயில் வந்ததேயில்லை.

"என்னம்மா?" மேலே கட்டிலிலிருந்து மகள் இன்பமேரி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தரை சூடா இருக்கு."

"கஞ்சி வெக்கறாங்களா இருக்கும்."

"யாரு?"

"கீழூட்லம்மா. அடுப்பு என் கட்டிலுக்கு நேர் கீழன்னு அன்னைக்கு நீதானே சொன்ன."

ஞானசுந்தரி சிரித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சிரித்ததால் அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோபோல அவளுக்கே கேட்டது. துணியைச் சுருட்டிக்கொண்டு, தேவையைவிடக் கொஞ்சம் வேகமாகவே, வெளியே வந்தாள்.

இன்பமேரிக்குப் பத்து வயது. மழைக்காலத் தொடக்கத்தில் வந்த காய்ச்சல் மூட்டுகளில் இறங்கி, அங்கிருந்து நெஞ்சுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா காதிலிருந்து குழலைக் கழற்றிவிட்டு, மூன்று மாதத்துக்கு இந்தப் பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது, எழுந்து நடந்தால் இருதயம் தாங்காது என்றார். அன்றிலிருந்து அவளைத் துடைப்பது, ஊட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் கட்டிலிலேயே. தலைச்சோலைக்குப் போகும் பாதையில் ஓர் எஸ்டேட்டின் பழைய பங்களா அது. முன்பாதியை முதலாளி கோடைக்கு மட்டும் திறப்பார். பின்பாதியில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் குடும்பம். ரைட்டர், அவள் கணவர் தேவசிகாமணி, காப்பி மூட்டைகளோடு சேலத்துக்கு இறங்கியிருந்தார். திரும்பி வர ஞாயிறு ஆகும்.

விளையாட்டை அனுப்பியது கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி மரியதாஸ். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய அட்டைப் பெட்டி. மேலே நெருப்புக் கக்கும் பல்லியும் கத்தி ஏந்திய ஆட்களும். உள்ளே பல முகங்கள் வெட்டிய பகடைகள், ஓர் இங்கிலீஷ் புத்தகம். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் டீச்சராக இருந்த ஞானசுந்தரி தட்டுத்தடுமாறிப் படித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒருவர் பூமிக்கு அடியில் ஒரு பெரிய இடத்தைக் கற்பனை செய்து சொல்ல வேண்டும், மற்றவர் அதற்குள் வாய்ப்பேச்சாலேயே நடந்துபோக வேண்டும். எந்த அறையில் என்ன இருக்கும் என்பதைப் பகடை சொல்லும். நடக்கக்கூடாத பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த இடத்துக்குப் பேர் வைத்தது இன்பமேரி. மேலே இருப்பது ஊடு, கீழே இருப்பது கீழூடு.

முதல் நாள் பகடை முதல் அறையில் ஒரு கரடியையும் அடுத்த அறையில் எலும்புக்கூட்டு வீரர்களையும் வைத்தது.

"கதவு இத்தனூண்டுன்னு சொன்னியே, கரடி எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"குட்டியா இருக்கறப்ப வந்திருக்கும்."

"அப்ப இத்தன வருசமா யாரு சோறு போட்டா?"

"பக்கத்து ரூம்பு எலும்பு வீரங்க போட்டிருப்பாங்க."

"அவங்களுக்கு வயிறே இல்ல, அவங்க எதுக்குச் சோறாக்கறாங்க? கரடி மொதல்ல அவங்களத்தான் கடிச்சிருக்கும். எலும்புதானே." கூரையைப் பார்த்தபடி இன்பமேரி கேட்டாள். "இத யாரும்மா தோண்டினது? எதுக்குத் தோண்டினாங்க?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அறைக்குப் பக்கத்தில் அறை, அதற்குள் பூதம், பூதத்துக்கு முன்னால் புதையல். ஏன் என்று அதை எழுதியவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஞானசுந்தரி அன்று படுத்தபிறகும் அதையே யோசித்தாள். சமையலறையைத் தாண்டிய ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஏன் இந்த மனிதரைக் கட்டினாள், ஏன் வேலையை விட்டாள், ஏன் இந்தப் பங்களாவின் பின்பாதியில் இருக்கிறாள் என்றெல்லாம் யோசித்தால் ஒன்றுக்கும் சரியான காரணம் கிடைக்காது. நடந்தது, நடந்துவிட்டது. ஆனால் கீழூட்டுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றியது.

வெள்ளைக்காரத் துரை காப்பிக்கொட்டை வைக்கத் தோண்டினான் என்று சொல்லிப் பார்த்தாள். மண்ணுக்குள்ளே வைத்தால் பூசணம் பிடிக்குமே என்றாள் ரைட்டர் மகள். ஜெயில் என்றாள். அப்படியானால் எதற்கு இவ்வளவு பெரிய சமையல்கட்டு என்று கேள்வி வந்தது. பாக்சைட் எடுத்த சுரங்கம் என்றாள். "அத மேலாப்பலயே வெட்டி லாரில ஏத்தறாங்களேம்மா, நான் பாத்திருக்கேன்."

பிறகு ஒருநாள், மகளின் முதுகைத் துடைத்து வெந்நீர்த் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது, தானாகவே வந்தது.

"கீழ ஒரு புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல," என்றாள். "அதுக்காகத் தோண்டினது."

சொன்னவுடன் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வெளிச்சம் படக்கூடாத நோய், அதனால் பூமிக்கு அடியில். காற்று நேராக அடிக்கக்கூடாது, அதனால் வளைந்து வளைந்து போகும் வழி. எப்போதும் வெந்நீர் வேண்டும், அதனால் தண்ணீர் அறை. கண்டவர்களும் வந்து தொந்தரவு செய்யக்கூடாது, அதனால் வாசலில் கரடி. கஞ்சி ஆறக்கூடாது, அதனால் அடுப்பு பிள்ளையின் அறையிலேயே, இன்பமேரியின் கட்டிலுக்கு நேர்கீழே. தோண்டிய மண் எங்கே போனது? பங்களாவுக்குப் பின்னால் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் மேடு. புகை எப்படிப் போகும்? காப்பிக்காட்டு ஓரத்துச் சில்வர் ஓக் மரத்தின் பொந்து வழியாக. கேள்வி வர வர ஞானசுந்தரிக்குப் பதில் ஊறியது. அடுப்பில் பாலை மறந்தாள். தனக்குள் இப்படி ஒரு வேகம் இருக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

"அப்ப எதுக்கும்மா வழில குழி, கத்தி, தானா சாத்திக்கற கதவு? திருடனுக்கா?"

"வெளிய இருந்து வர்றவங்களுக்கில்ல. புள்ள எந்திரிச்சு வெளிய போயிடக்கூடாதில்ல, அதுக்கு."

இன்பமேரி போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "அவங்கம்மா வெச்சதா?"

"ஆமா."

"பாவம்."

யார் பாவம் என்று ஞானசுந்தரி கேட்கவில்லை.

கீழூட்டுப் பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தால் சரியாகும் என்ற கேள்வி நேற்று வந்தது. பகலெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளின் பெயர்களை முணுமுணுக்கும் மகளைப் பார்த்தபோது மனது இளகி, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "துணைக்கு இன்னொரு புள்ள வந்துச்சுன்னா சரியாப்போயிடும்."

அன்று மூன்று மணிக்குப் பாவாயி பால் கொண்டுவந்தாள். கரடியூர்ப்பக்கத்து மலைக்காரி, எஸ்டேட்டில் பழம் பறிப்பவள், ஞானசுந்தரியைவிட மூத்தவள். தலையில் போட்டிருந்த சாக்கை உதறி, சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங் அம்மிணி, அந்தக் கோடி சில்வர் ஓக்குல யாரு நெருப்பு வெச்சது?"

பால் ஊற்றிக்கொண்டிருந்த ஞானசுந்தரியின் கை நின்றது. "எந்த மரம்?"

"பொந்து மரங்க. பொந்துக்குள்ளாற இருந்து பொகை வருது. நொம்ப இல்லீங்க, சோறாக்கற ஊட்டுக் கூரைல வருமே, அந்தாட்டம். இந்தப் பனில எவன் போயி பீடி குடிச்சான்னு கை வெச்சுப் பாத்தனுங்க. சுடுதுங்க."

"தேன் எடுக்கறவங்க யாராச்சும் வெச்சிருப்பாங்க."

"இந்த மாசத்துல எந்தக் கிறுக்கன் தேனெடுப்பான்." பாவாயி மூக்கை உறிஞ்சினாள். "கஞ்சி வெச்சிருக்கீங்களா? ஓமம் போட்டு? வாசம் வருதுங்களே."

ஞானசுந்தரி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு சாம்பலாகக் கிடந்தது. ஆனால் வாசம் இருந்தது. பச்சரிசி நொய்யும் ஓமமும் கொஞ்சம் அடிப்பிடித்த வாசம், தரையோடு தரையாகத் தவழ்ந்து, உள்ளறையிலிருந்து வந்தது.

"பாவாயக்கா, ராத்திரிக்கு இங்க படுத்துக்கறீங்களா?"

"எங்க ஊட்டுக்காரரு சோத்துக்குக் கத்துவாருங்க. பயமா இருந்தா எங்கூட வந்துருங்க அம்மிணி. எம்மவனக் கூட்டியாறேன், கட்டலோட தூக்கிப் போயிரலாம். பாப்பாவுக்கும் நாலு மொகம் பாத்தாப்பல இருக்கும்."

போயிருக்கலாம். பிற்பாடு அந்த மாலை முழுவதும் அவளுக்குள் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் அப்போது அவள் வாய் தானாகவே சொன்னது: "அசைக்கக் கூடாதுங்கக்கா. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அசைக்கக் கூடாது, காத்து படக்கூடாது, ஆளு பாக்கக்கூடாது. கோழிகூட இருவத்தோரு நாள்ல எந்திரிச்சுப் போயிரும். நீங்க மூணு மாசமா அடைல உக்காந்திருக்கீங்க." பாவாயி சிரித்துக்கொண்டே எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டாள். "சரி, வரேனுங்க அம்மிணி."

மூடுபனி அவளை முதலில் கால்களிலிருந்து அழித்தது. பிறகு சாக்கு மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போனது. பிறகு அதுவும் இல்லை.

ஞானசுந்தரி கதவைச் சாத்தினாள். உள்ளறை வாசலில் நின்று கேட்டாள். கூரையில் பனி சொட்டும் ஓசை, பின்கதவுக்கு வெளியே கழுவுதொட்டிக் குழாயின் ஒழுக்கு, மகளின் மூச்சு, அந்த மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு தடவையும் வரும் லேசான தடுக்கல், இவற்றுக்கெல்லாம் கீழே, பலகைகளுக்கும் கீழே, மண் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மெதுவாக. பொறுமையாக. அடிப்பிடித்த கஞ்சியை வீணாக்காமல் வழிக்கும் ஒருத்தியின் கை. நின்றது. பாத்திரத்தின் விளிம்பில் கரண்டியைத் தட்டியது. ஞானசுந்தரி தட்டுவதைப் போலவே, இரண்டு தடவை.

"கேக்குதாம்மா?" இன்பமேரி மெல்லக் கேட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் ஞானசுந்தரியை உலுக்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்கு யாரோ குடிவந்துவிட்டதைப்போன்ற ஓர் ஆவல். "அந்தப் புள்ள சாப்புடுது."

அது என்ன, எங்கிருந்து வந்தது என்று ஞானசுந்தரி யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த இடத்துக்கு அவள் காரணம் கொடுத்திருந்தாள். பூதமும் புதையலுமாகப் புத்தகத்தில் கிடந்தவரை அது வெறும் விளையாட்டு. ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து, அடுப்பு மூட்டி, புகைக்கு வழிவிட்டு, மண்ணுக்கு மேடு காட்டி, அது இருந்தே ஆக வேண்டும் என்று ஆக்கியது அவள். கடைசியில் மருந்தையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். துணைக்கு இன்னொரு பிள்ளை.

கொடுத்த காரணத்தை எடுத்துவிட வேண்டும். இருட்டுவதற்கு முன்னால்.

கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கால்களில் பலகையின் சூடு ஏறியது. பகடையைத் தொடவில்லை.

"கண்ணு, இன்னைக்கு ஆட்டத்த முடிச்சுக்கலாம். கீழூட்டுப் புள்ளைக்கு ஒடம்பு சரியாப்போச்சு."

"எப்படி?"

"மருந்துக்குக் கேட்டுடுச்சு."

"துணைதான் மருந்துன்ன. துணை யாரு வந்தா?"

"துணை இல்லாமயே சரியாப்போச்சு."

"அப்ப நேத்து சொன்னது பொய்யா?" இன்பமேரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "சொன்னத மாத்தக்கூடாதும்மா. அப்பறம் கரடிக்குச் சோறு போட்ட கதையாயிடும்."

கீழே கரண்டி சத்தம் நின்றிருந்தது. யாரோ கவனமாகக் கேட்கும்போது உண்டாகும் அமைதி.

ஞானசுந்தரி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். மாற்றக்கூடாது. சரி. சொன்னதை மாற்றாமல், பொருந்துகிற ஒரு காரணம். "துணை தேடித்தான் போறாங்க. வேற ஊருல பெரிய ஆஸ்பத்திரி. அங்க நெறையப் புள்ளைங்க இருக்கும். அதனால கீழூட்டக் காலி பண்ணிட்டுக் கெளம்பறாங்க."

இன்பமேரி யோசித்தாள். அதில் ஓட்டை இல்லை. அவள் கண்கள் மெல்ல நிறைந்தன. "இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

"அந்தம்மா சொல்லிட்டுப் போவாங்களா?"

கீழூட்டுத் தாய்க்கு ஞானசுந்தரிதான் எப்போதும் பேசுவாள். அதற்காகக் குரலை மாற்றியதில்லை. மகளுக்கு ஊட்டும்போது வரும் அதே தணிந்த குரல்தான். ஆட்டம் முடியும்போதெல்லாம் இன்பமேரி போய்விட்டு வருகிறோம் என்பாள், இவள் வாங்க என்பாள். இப்போது போவது அந்தத் தாய். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, அந்தக் குரலில் சொன்னாள்.

"நாங்க கெளம்பறோங்க. புள்ளைய நல்லாப் பாத்துக்கங்க. வரேனுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. கரண்டி இல்லை. பாத்திரம் இல்லை. ஓம வாசம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. உள்ளங்காலுக்கடியில் பலகை குளிரத் தொடங்கியதுபோலக்கூட இருந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"அம்மா."

"என்ன சாமி?"

"நீ போறேன்னு சொல்லல. வரேன்னு சொல்லிட்ட."

"போறவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க. போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"இங்க சொல்ல மாட்டாங்க," என்றாள் இன்பமேரி. "கீழூட்ல சொன்னா சொன்னபடிதானேம்மா."

எங்கோ கீழே, ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதற்கப்பால் இன்னொன்று. ஒவ்வொன்றாக, ஒழுங்காக, வீட்டை விட்டுப்போகிறவள் பூட்டிக்கொண்டு வருவதைப்போல.

போறேன் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். அதே குரலில், அந்த ஒரு சொல். ஞானசுந்தரி வாயைத் திறந்தாள். நோயில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எந்தத் தாய் சொல்வாள்? அவள் அம்மா சாகும்போது சொன்னது அது. போறேன்டி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாய்தவறிச் சொன்னால் அடி விழும். திரும்பி வந்து, உட்கார்ந்து, வரேன் என்று சொன்னபிறகுதான் படி இறங்க விடுவார்கள். முப்பத்துச் சொச்சம் வருஷமாக நாக்கில் ஏறாத சொல். இன்பமேரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன நெஞ்சு போர்வைக்கு அடியில் தடுக்கித் தடுக்கி ஏறி இறங்கியது. சொன்னால் இது நின்றுவிட்டால்?

சொல் வரவில்லை.

காலடி.

படியில் ஏறும் காலடி. வெறுங்கால். ஈரக்கால். ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி. கையில் ஏதோ சிந்திவிடாமல் கொண்டுவருகிறவளின் நடை.

"படி எங்கம்மா வந்து முடியும்?" இன்பமேரி கேட்டாள். "அத நாம சொல்லவே இல்ல."

இன்னும் சொல்லவில்லை. ஞானசுந்தரி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "கழுவுதொட்டிகிட்ட," என்றாள். "வெளிய. தொட்டிக்குப் பக்கத்துல முடியுது. கல்லு போட்டு மூடியிருக்கு. அங்கதான்."

கழுவுதொட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்கதவு. அதற்குத் தாழ்ப்பாள் சரியில்லை. குறுக்குச் சட்டம் போட வேண்டும். சட்டம் சமையல்கட்டு மூலையில் சாத்தியிருக்கும். அவள் எழுந்தாள். "அசையாத. கால கீழ வெக்காத. இப்ப வந்துடறேன்."

ஓடினாள். நடைவழி இருட்டியிருந்தது. சட்டத்தைத் தூக்கினாள், கை நழுவியது, மறுபடி தூக்கினாள். பின்கதவின் இடுக்கு வழியே பனி உள்ளே புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. சட்டத்தைக் கொக்கிகளில் இறக்கினாள். முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். வெளியே தொட்டிக் குழாய் ஒழுகியது. காத்திருந்தாள். கல் நகரவில்லை. யாரும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பனியைத் தவிர ஒன்றுமே இல்லை.

அப்போது உள்ளறையிலிருந்து இன்பமேரியின் குரல். அவசரமில்லாமல். ஒரு கணக்கைச் சரிபார்க்கிற குரல்.

"தொட்டிகிட்ட எதுக்கும்மா முடியணும்? அவங்க வர்றது என்னப் பாக்கத்தானே. கஞ்சி ஆறிப்போயிடாதா?"

பிறகு, வேறு யாருக்கோ:

"வாங்க."

நடைவழி இதற்குமுன் அத்தனை நீளமாக இருந்ததில்லை. சுவரில் தோள் இடித்தது. கதவு. அறை. ஸ்டூல். பகடைகள்.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வை இல்லை. தலையணையில் தலையின் பள்ளம். கையை வைத்தாள். சூடு. கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பலகைகள் போட்டபடியே இருந்தன. ஓர் ஆணிகூட எழும்பவில்லை. இடுக்குகளில் அவள் மத்தியானம் துடைத்த சுத்தம் அப்படியே.

"இன்பா."

பெயர் பலகைகளுக்குள் இறங்கிப்போனது.

கடப்பாரை விறகுக் கொட்டகையில் இருந்தது. எப்படிச் சட்டத்தை எடுத்தாள், எப்படிப் போனாள், எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கட்டிலை ஒரே தள்ளில் சுவருக்குத் தள்ளினாள். முனையை இடுக்கில் நுழைத்து மிதித்தாள். இரும்பு வழுக்கியது. விரல் நகம் கிழிந்தது. மறுபடி. இந்தப் பலகைகளுக்குக் கீழே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் செத்த எலியை எடுக்க அவள் கணவர் ஒரு பலகையைப் பெயர்த்திருக்கிறார். ஒரு சாண் இருட்டு. பிறகு செம்மண். அவ்வளவுதான். மண்ணையாவது பார்த்துவிட வேண்டும். மண்ணாக இருக்கட்டும். சேசுவே, மண்ணாக இருக்கட்டும்.

ஆணிகள் முனகின. பலகை எழுந்தது.

மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது.

கீழே ஓர் அறை. நன்றாகப் பெருக்கி, துடைத்து, ஈரம் காய்ந்த அறை. சுவரோரம் அடுப்பு, அவள் சொன்ன இடத்தில். வெந்நீர்க் குடம், அவள் சொன்ன இடத்தில். காற்று நேராக அடிக்காதபடி வளைந்துபோகும் வழியின் வாய். நடுவில் கட்டில். அதன் மேல் இன்பமேரியின் போர்வை, அதற்குள் நெருக்கமாக இரண்டு சின்ன உடம்புகள். ஒன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தது. மற்றது இன்பமேரி. வாயைக் கொஞ்சம் திறந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, தடுக்காத ஆழமான மூச்சில், மூன்று மாதமாக மேலே ஒருநாளும் தூங்காத தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலருகே ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இன்பமேரியின் உதட்டோரத்துக் கஞ்சியை முந்தானையால் ஒற்றிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் செருகினாள். அந்தக் கைகளை ஞானசுந்தரிக்குத் தெரியும். வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள். மேலே வெளிச்சம் மாறியதை உணர்ந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

இத்தனை நாளில் ஞானசுந்தரி அவளுக்குக் கைகளைக் கொடுத்திருந்தாள். பொறுமையைக் கொடுத்திருந்தாள். குரலைக் கொடுத்திருந்தாள். அவள் பார்க்க எப்படி இருப்பாள் என்று மட்டும் இன்பமேரி கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. வகிட்டுக்குக் கீழே, காதுகளுக்கு நடுவே, மோவாய்வரை, வெறும் தோல். கண்ணுக்குப் பள்ளம்கூட இல்லாத, தேய்த்துத் தேய்த்து வழவழப்பான தோல்.

அவள் ஒரு விரலை உயர்த்தி, உதடுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

"மெதுவாங்க," என்றது ஞானசுந்தரியின் குரல், கீழேயிருந்து. "இப்பத்தான் கண்ணசந்துச்சு."